அச்சுக்குள் சிக்கிய நிரல்: தர ஆவணங்களிலிருந்து மூல நிரலை எடுக்க முழுமையான வழிகாட்டி

2022 ஏப்ரல் 4 முதல் ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2013 ஜூலை 1 அன்று பி.எஸ்.எல்.வி.-சி22 சுமந்து சென்ற ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ தொடங்கி, நம் நாட்டு வழிகாட்டு அமைப்பான நாவிக்கின் செயற்கைக்கோள்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின. அவை என்ன சிக்னல் அனுப்புகின்றன, ரிசீவர் அதை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதை இஸ்ரோ ஓர் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. அதன் 1.1 பதிப்பு 2017 ஆகஸ்டில் வந்தது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

சித்தூரிலோ புத்தூரிலோ இறுதியாண்டு இ.சி.இ. படிக்கும் ஒருவர் நாவிக் ரிசீவரை புராஜெக்டாக எடுத்தால், அவருக்கு வேண்டியது அத்தனையும் அந்த ஆவணத்தில் உண்டு. பல்லுறுப்புக்கோவை இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, கட்டம் போட்ட படம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் ஓட்டிப் பார்க்க ஒரு கோப்பு மட்டும் இல்லை. பக்கத்தில் அச்சான இலக்கங்களை அவரேதான் கணினிக்குள் கொண்டுவர வேண்டும். மாதக்கணக்கில் புராஜெக்ட் நகராமல் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்; கோட்பாட்டில் யாரும் அவ்வளவு நாள் சிக்கிக்கொள்வதில்லை.

உலகம் முழுக்கத் தர ஆவணங்களின் நிலைமை ஏறக்குறைய இதுதான். நிரல் இருக்கும், ஆனால் அது கண்ணால் படிப்பதற்காக அச்சிட்டது. அதை எடுத்து ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை முதல்முறை செய்பவருக்காக எழுதுகிறேன். லினக்ஸ் உள்ள கணினி, பைத்தான், சாதாரண உரை எடிட்டர் போதும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஆவணத்தில் ஆங்கிலம் என்று மூன்றையும் சுமக்கிற சித்தூர், நகரி, குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஆறுதல்: இந்த வேலையில் ஆங்கிலப் புலமையைவிட நிதானம்தான் அதிகம் வேண்டும்.

படி 1: உள்ளே இருப்பது எந்த வகை நிரல்?

ஆவணத்தைத் திறந்ததும் காப்பி அடிக்கத் தொடங்காதீர்கள். உள்ளே இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள்.

சில ஆவணங்களில் முழு நிரலே இருக்கும். இணையத் தரங்களை வெளியிடும் ஆர்.எஃப்.சி. வரிசையில் 1992 ஏப்ரலில் வந்த 1321-ஆம் எண், எம்டி5 என்ற கணக்கீட்டை விளக்குகிறது. அதன் பிற்சேர்க்கையில் சி மொழி நிரல் முழுதாக அச்சாகியிருக்கிறது. சிலவற்றில் இருப்பது இலக்கணம் அல்லது தரவு மாதிரி. நெட்வொர்க் கருவிகளின் அமைப்பை விவரிக்கும் யாங் மாட்யூல்கள் இந்த ரகம். இவற்றைக் கருவிகள் நேரடியாகப் படிக்கும் என்பதால் ஓர் எழுத்துகூடப் பிசகக்கூடாது. சிலவற்றில் போலிநிரல் இருக்கும். அது மனிதனுக்காக எழுதியது. அதை எடுக்க முயலாமல் படித்துப் புரிந்துகொண்டு நீங்களே எழுதுவது மேல். கடைசி ரகம் அட்டவணையும் சூத்திரமும் மட்டும் உள்ளவை. நாவிக் ஆவணம் இதில் சேரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஆவணத்தில் உரை ஒன்று சொல்லி நிரல் வேறொன்று செய்தால் எதை நம்புவது? பெரும்பாலான ஆவணங்களில் உரைதான் சட்டம், நிரல் வெறும் உதாரணம். ஆனால் 2012 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 6716, அதாவது ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறைக்கான ஆவணம், நேரெதிராகச் சொல்கிறது: பிற்சேர்க்கையில் உள்ள மூல நிரல்தான் தரத்தின் முதன்மையான பகுதி, அதிலும் டிகோடர் பகுதி மட்டுமே கட்டுப்படுத்தும். பிரவுசர் வழியாக நடக்கும் குரல் உரையாடல்களுக்கு அடித்தளமான முறை இது. அங்கே நிரலை எடுக்காமல் தரத்தைப் படித்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

படி 2: ஆவணத்தைச் சரியான வடிவத்தில் வாங்குங்கள்

ஒரே ஆவணம் பல வடிவங்களில் கிடைக்கும்போது எல்லோரும் பழக்கத்தில் பிடிஎஃப்பை இறக்குகிறார்கள். நிரல் எடுக்க அதைவிட மோசமான வடிவம் இல்லை. நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகிவிடும், கழித்தல் குறி நீளக்கோடாகிவிடும், வரித் தொடக்க இடைவெளிகள் காணாமல் போகும். பைத்தான் நிரலாக இருந்தால் இடைவெளி போனதோடு எல்லாம் போயிற்று. அடுக்குக்குறிகள் கீழிறங்கி, பத்தாவது அடுக்கு வெறும் பத்தாகக் கலந்துவிடும்.

ஆர்.எஃப்.சி.களில் சாதா உரை வடிவம் அநேகமாக எப்போதும் உண்டு. 2019-இன் பிற்பகுதிக்குப் பின் வந்தவற்றுக்கு எக்ஸ்எம்எல் வடிவமும் அதிகாரபூர்வமாக வெளியாகிறது. அதில் நிரலுக்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. எந்த மொழி, என்ன கோப்புப் பெயர் என்பதையும் அதிலேயே குறிக்க முடியும். எக்ஸ்எம்எல் இருந்தால் மறுபேச்சில்லாமல் அதை எடுங்கள்.

ஆவணமே கையில் கிடைப்பது வேறு கதை. இந்தியத் தரங்களை இந்திய தர நிர்ணய அமைவனம், அதாவது பி.ஐ.எஸ்., நெடுங்காலம் விலைக்கு விற்றது. அமெரிக்காவின் கார்ல் மாலமூட் நடத்தும் பப்ளிக்.ரிசோர்ஸ்.ஆர்க் என்ற அமைப்பு அவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டது. அமைவனம் அதற்கு மறுப்புச் சொன்னது. 2015-இல் விவகாரம் பொதுநல வழக்காக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இன்று அமைவனத்தின் தளத்திலேயே பதிவு செய்துகொண்டு, இங்கே உருவான இந்தியத் தரங்களைக் கட்டணமின்றி இறக்கலாம். சர்வதேசத் தர அமைப்புகளான ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. ஆகியவற்றின் ஆவணங்களை அப்படியே ஏற்றுக்கொண்டவை இந்தச் சலுகையில் சேராது. ஐரோப்பாவிலும் இதே அமைப்பு தொடுத்த வழக்கில், சட்டத்தின் அங்கமாகிவிட்ட தரங்களை மக்கள் பார்க்க வழிவிட வேண்டும் என்ற திசையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 மார்ச் 5 அன்று தீர்ப்பளித்தது.

விண்வெளித் துறையில் இந்தச் சிக்கல் இல்லை. இஸ்ரோ பார்வையாளராகப் பங்கேற்கும் சி.சி.எஸ்.டி.எஸ். என்ற சர்வதேசக் குழுவின் தரங்கள் முழுக்க இலவசம்.

படி 3: தனிக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா?

நிரலை உருவுவதற்கு முன், யாராவது அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஏதோ குறுக்குவழி என்று நினைப்பு. நியாயமாகச் செய்ய வேண்டிய முதல் தேடல் இதுதான்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.-வின் பரிந்துரைகள் 2007 முதல் பொதுமக்களுக்கு இலவசம். பேச்சுச் சுருக்க முறைகள் பலவற்றுக்கு நிரலைத் தனித் தொகுப்பாகவே அது தருகிறது, ஜி.191 என்ற பரிந்துரையே ஒரு மென்பொருள் கருவித் தொகுப்புதான். ஐ.எஸ்.ஓ. ஆவணத்தை விற்றாலும், சில ஆவணங்களுக்குரிய மின்னணு இணைப்புகளைத் தன் தளத்தில் யாரும் எடுக்கும்படி வைத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. ஆவணத்துக்குள் தளமுகவரி ஒன்று தென்பட்டால் அடிக்குறிப்புதானே என்று விட்டுவிடாமல் போய்ப் பாருங்கள். யாங் மாட்யூல்களை இணைய எண்களைப் பதிவு செய்யும் ஐயானா தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கிறது.

கிட்ஹப்பில் கிடைப்பது இரண்டாம்தரச் சான்று. எடுங்கள், ஒப்பிட்டுப் பாருங்கள். அதையே ஆதாரமாக ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

படி 4: உரை ஆவணத்திலிருந்து உருவுதல்

பழைய ஆர்.எஃப்.சி. ஒரு பக்கத்துக்கு 58 வரி, ஒரு வரிக்கு 72 எழுத்து என்ற அளவில் அமைந்தது. நிரல் நீளமாக இருந்தால் நடுவில் பக்கம் முடியும். அங்கே ஆசிரியர் பெயர், பக்க எண், பிறகு கண்ணுக்குத் தெரியாத பக்கம் தள்ளும் குறி, அடுத்த பக்கத்தின் தலைவரி, எல்லாம் நிரலுக்குள் புகுந்துவிடும். கையால் அழிக்கலாம், நூறு பக்கம் என்றால் கை ஓய்ந்துவிடும். பக்க எண் உள்ள வரியையும் அதற்குப் பின்வரும் தலைவரியையும் சுற்றியுள்ள வெற்று வரிகளையும் நீக்கும் சின்ன பைத்தான் நிரல் ஒன்றை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் உதவும். 2019-இன் பிற்பகுதிக்குப் பின் வந்த உரைகளில் பக்கப் பிரிப்பே கிடையாது.

புதிய ஆவணங்களில் நிரலின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் ‘கோட் பிகின்ஸ்’ என்றும் முடிவில் ‘கோட் எண்ட்ஸ்’ என்றும் பெரிய எழுத்தில் குறி இருக்கும். தொடக்கக் குறியை அடுத்துக் கோப்புப் பெயரும் இருக்கலாம். ஆர்.எஃப்.சி.ஸ்ட்ரிப் என்ற கருவி இந்தக் குறிகளைப் பார்த்து இடைப்பட்டதை அந்தப் பெயரிலேயே கோப்பாக எழுதித் தரும்.

72 எழுத்துக்குள் அடங்காத வரிகளை என்ன செய்வது? 2020 ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 8792 இதற்கு ஒரு முறை வகுத்தது: வரியை மடித்து, மடித்த இடத்தில் பின்சாய்வுக்கோடு போட்டு, மடித்திருக்கிறது என்ற குறிப்பை மேலே எழுத வேண்டும். அந்தக் குறிப்பைப் பார்த்தால் மடிப்பைப் பிரித்த பிறகுதான் நிரலைத் தொட வேண்டும். மடிக்கவும் பிரிக்கவும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் அந்த ஆவணம் தருகிறது. அந்த ஸ்கிரிப்டும் ஆவணத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கிறது என்பதைக் கண்டு சிரித்துக்கொள்ளலாம்.

முன்னே சொன்ன ஓபஸ் ஆவணம் இதையெல்லாம்விட விசித்திரம். அதன் நிரல் பெரியது, பல கோப்புகள் கொண்டது. அச்சிட்டால் படிக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எனவே ஆசிரியர்கள் முழு நிரலையும் சுருக்கி ஒரே பொதியாக்கி, பேஸ்64 முறையில் வெறும் எழுத்துகளாக மாற்றி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மூன்று இடைவெளியும் ### என்ற குறியும் வைத்துப் பிற்சேர்க்கையில் பரப்பிவிட்டார்கள். பக்கத் தலைவரிகளில் அந்தக் குறி இருக்காது. ஆகவே கிரெப் கொண்டு குறியுள்ள வரிகளை மட்டும் பொறுக்கி, செட் கொண்டு குறியை வெட்டி, பேஸ்64 கொண்டு திருப்பினால் பொதி அப்படியே கைக்கு வரும். மூன்று கட்டளைகளை ஒரே வரியில் கோத்து எப்படி ஓட்டுவது என்பதும் ஆவணத்திலேயே இருக்கிறது. பொதி பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க அதன் ஹாஷ் மதிப்பையும் தந்திருக்கிறார்கள். முதல் பயிற்சியாக இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். அரை மணி நேரத்தில் முடியும், கை பழகிவிடும்.

படி 5: பிடிஎஃப் அட்டவணை மட்டும்தான் என்றால்

நாவிக்குக்கு வருவோம். நிரலே இல்லாத ஆவணத்திலிருந்து நிரலை உருவாக்கும் வேலை இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

நாவிக் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் 1023 இலக்கம் கொண்ட தனக்கேயான 0-1 வரிசையை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. இலக்கம் ஒவ்வொன்றையும் சிப் என்பார்கள். வரிசை முழுவதும் ஒரு மில்லி விநாடியில் ஓடி முடியும். எல்5 அலைவரிசைக்கு, அதாவது 1176.45 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு வரிசை. எஸ் அலைவரிசையான 2492.028 மெகாஹெர்ட்ஸுக்கு வேறொன்று. இந்த வரிசைகளை ஆவணம் முழுதாக அச்சிடுவதில்லை, எப்படிப் பிறக்கின்றன என்று மட்டும் சொல்கிறது. ஜி1, ஜி2 என்று பத்துப் பத்து அறைகள் கொண்ட இரண்டு ஷிப்ட் ரெஜிஸ்டர்கள் உண்டு. ஜி1-இல் 3, 10 ஆகிய அறைகளை எக்ஸ்-ஆர் செய்து முதல் அறைக்குத் திருப்ப வேண்டும். ஜி2-இல் 2, 3, 6, 8, 9, 10 ஆகிய அறைகளை. இரண்டின் பத்தாம் அறைகளிலிருந்து வெளிவருவதை எக்ஸ்-ஆர் செய்தால் ஒரு சிப் கிடைக்கும். ஜி1-இன் அறைகள் எல்லாம் 1-இல் தொடங்கும். ஜி2-இன் தொடக்க நிலை செயற்கைக்கோளுக்குச் செயற்கைக்கோள் மாறும். அந்த நிலைகள்தான் அட்டவணையில் இருக்கின்றன.

பைத்தானில் இது பதினைந்து இருபது வரி. சிக்கல் நிரலில் வருவதில்லை, அட்டவணையைக் கொண்டுவருவதில் வருகிறது. அங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு.

முதலாவது எக்செல். அட்டவணையை இழுத்து எக்செலில் ஒட்டுவது எல்லோர் கைக்கும் வந்த பழக்கம். எல்5-இல் இரண்டாம் எண் செயற்கைக்கோளின் தொடக்க நிலை 0000100110. எக்செல் அதை எண் என்று நினைத்து 100110 என்று சுருக்கிவிடும். பத்து அறைக்கு ஆறு இலக்கம். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை உரை வகைக்கு மாற்றிவிடுங்கள். அல்லது எக்செல் பக்கமே போகாமல் உரை எடிட்டரில் ஒட்டுங்கள். எத்தனை வரிசை வந்தாலும் ஒவ்வொன்றிலும் சரியாகப் பத்து இலக்கம் இருக்கிறதா என்று நிரலே எண்ணிப் பார்க்கும்படி எழுதுங்கள்.

இரண்டாவது திசை. எல்5-இல் முதல் எண்ணுக்குரிய தொடக்க நிலை 1110100111. இடக்கோடி இலக்கம் முதல் அறைக்கா, பத்தாம் அறைக்கா? புதியவர் இயல்பாகவே முதல் அறைக்கு என்று எடுத்துக்கொள்வார். அது தவறு என்பதைக் காட்டிக்கொடுக்க அட்டவணையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: முதல் பத்து சிப்களை எண்ம முறையில் தரும் நெடுவரிசை. முதல் எண்ணுக்கு அங்கே 130 என்று இருக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஜி1 எல்லாம் 1 என்பதால் அதிலிருந்து வரும் முதல் பத்தும் 1. அதோடு எக்ஸ்-ஆர் செய்தால் ஜி2-இன் இலக்கங்கள் புரண்டுவிடும். 1 இருந்த இடத்தில் 0, 0 இருந்த இடத்தில் 1. இடக்கோடி இலக்கம் பத்தாம் அறையில் இருந்தால் அதுதான் முதலில் வெளிவரும். அப்போது 1110100111 புரண்டு 0001011000 ஆகும். வலப்பக்கமிருந்து மூன்று மூன்றாகப் பிரித்தால் 0, 001, 011, 000. எண்மத்தில் 130. அட்டவணையோடு பொருந்துகிறது. மாறாக இடக்கோடியை முதல் அறையில் வைத்திருந்தால் 0001101000 வந்து 150 என்று காட்டியிருக்கும். எஸ் அலைவரிசையின் முதல் எண்ணுக்கும் இதைச் செய்யலாம்: 0011101111 புரண்டால் 1100010000, எண்மத்தில் 1420.

ஆவணத்தை எழுதியவர்கள் அந்தச் சிறிய நெடுவரிசையைச் சேர்த்தது பெரிய உபகாரம். அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ஆன்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டு அலைகிறார்கள்.

முதல் பத்து சரியாக வந்தால் மீதி 1013-உம் சரி என்று ஆகிவிடாது. திருப்பும் அறைகளில் ஒன்றை, 8-க்குப் பதில் 7 என்று, தவறாக எழுதியிருந்தாலும் முதல் பத்து சரியாகவே வரும்; தவறு பதினொன்றாவது சிப்பிலிருந்துதான் வெளிப்படும். அதற்கு இன்னொரு சோதனை வேண்டும். 0-வை +1 என்றும் 1-ஐ −1 என்றும் மாற்றி, வரிசையை அதனோடே ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பெருக்கிக் கூட்டுங்கள். நகர்த்தாதபோது 1023 வரும். வேறு எந்த நகர்விலும் −1, 63, −65 ஆகிய மூன்று எண்களில் ஒன்றுதான் வர வேண்டும். கோல்டு வரிசை எனப்படும் இந்த வகை வரிசைகளின் குணம் அது. நான்காவதாக ஓர் எண் எட்டிப் பார்த்தால் திருப்பும் அறைகளில் எங்கோ பிழை. ஆனால் இந்தச் சோதனை திசைப் பிழையைப் பிடிக்காது. தலைகீழாக ஏற்றினாலும் கிடைப்பது அதே குடும்பத்தின் இன்னொரு வரிசைதான், அதற்கும் இதே குணம் உண்டு. ஆகவே எண்ம நெடுவரிசைச் சோதனையும் இதுவும் இரண்டுமே வேண்டும்.

செய்தியைப் பிரிக்கும் பகுதியிலும் இதே கவனம் தேவை. அங்கே 584 குறிகளை 73-க்கு 8 என்ற கட்டத்தில் கலைத்துப் போடுகிறார்கள். எழுதுவது எந்தத் திசை, படிப்பது எந்தத் திசை என்பதை உரையிலிருந்து ஒரு தாளில் கட்டம் வரைந்து உறுதி செய்யுங்கள்.

படி 6: பிழைப் பட்டியலைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்

அச்சான நிரலில் பிழை இருக்கும். ஆர்.எஃப்.சி. ஒருமுறை வெளியானால் பிறகு ஓர் எழுத்தும் மாறாது. கண்டுபிடித்த பிழைகள் தனிப் பட்டியலில் சேரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரிபார்த்தது, நிராகரித்தது, அடுத்த பதிப்புக்கு ஒத்திவைத்தது என்று நிலை குறித்திருக்கும்.

1988 செப்டம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 1071 நல்ல உதாரணம். இணையப் பொட்டலங்களின் சரிபார்ப்புக் கூட்டலை விளக்கும் சின்ன ஆவணம். சி நிரல் சில வரிதான். அதில் நினைவக முகவரியை 16 பிட் எண்ணாகப் படிக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி விட்டுப்போயிருக்கிறது. அப்படியே கொடுத்தால் கம்பைலர் ஏற்காது. சரி செய்த பிறகு அதே ஆவணத்தின் எண் உதாரணத்தால் சோதிக்கலாம்: பதின்மமாக மாற்றினால் 0, 1, 242, 3, 244, 245, 246, 247 என்ற எட்டு பைட்டுகள். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கூட்டி, வழிந்ததைத் திரும்பச் சேர்த்தால் 56818, புரட்டினால் 8717. இரண்டையும் கூட்டினால் 65535 வர வேண்டும், வருகிறது.

படி 7: சோதனை மதிப்பு இல்லாமல் சரி என்று சொல்லாதீர்கள்

ஓபஸ் டிகோடருக்குச் சோதனைக் கோப்புகளும், ஒப்பிடும் நிரலும் உண்டு. எல்லா ஆவணமும் அவ்வளவு தாராளம் காட்டாது. சி.சி.எஸ்.டி.எஸ். டெலிமெட்ரி ஃபிரேமின் கடைசியில் சி.ஆர்.சி. என்ற 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று வரலாம். பல்லுறுப்புக்கோவையின் அடுக்குகள் 16, 12, 5, 0. இதே கோவையை உலகம் முழுக்கப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். மாறுவது தொடக்க மதிப்பு. 1 முதல் 9 வரையிலான இலக்கங்களை எழுத்துகளாகக் கொடுத்துச் சோதிப்பது இந்தத் துறையின் வழக்கம். எல்லா பிட்டும் 1 என்று தொடங்கினால் விடை 10673. 0-இல் தொடங்கினால் 12739. ஃபிரேமுக்கு வேண்டியது முதலாவது. இணையத்தில் கிடைத்த சி.ஆர்.சி. நிரலை ஒட்டிவிட்டு டேட்டா கெட்டுப்போயிருக்கிறது என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்கு இந்த இரண்டு எண்களும் போதுமான மருந்து.

படி 8: உரிமம்

எடுக்க முடிவதாலேயே எங்கும் போட்டுவிட முடியாது. ஆர்.எஃப்.சி.களில் 2008 நவம்பருக்குப் பிந்திய ஆவணங்களின் நிரல் பகுதிகள் பி.எஸ்.டி. உரிமத்தில் கிடைக்கின்றன, பதிப்புரிமைக் குறிப்பை நீக்காமல் எந்தப் பொருளிலும் பயன்படுத்தலாம். அதற்கு முந்தியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எம்டி5 நிரலின் தலையிலேயே ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்தின் நிபந்தனை இருக்கிறது: இதிலிருந்து வந்தது என்று குறிப்பிட்டாக வேண்டும். இந்தியத் தரங்களை இலவசமாக இறக்கலாம் என்பதற்கு மறுபதிப்புச் செய்யலாம் என்று பொருள் கிடையாது. ரேணிகுண்டா, ஸ்ரீசிட்டி பக்கத்து மின்னணு ஆலைகளில் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தப் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எடுத்த ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஆவண எண், பதிப்பு, பிரிவு எண், எடுத்த தேதி, நீங்கள் செய்த திருத்தம் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

படி 9: எழுதுகிற பக்கம் நீங்கள் இருக்கும்போது

இதுவரை சொன்ன தொல்லை எல்லாம் எழுதியவர்கள் ஒரு கோப்பைப் பக்கத்தில் வைத்திருந்தால் வந்திருக்காது. நாவிக் அட்டவணையை நாற்பது வரி உரைக் கோப்பாகவும் தந்திருந்தால் எத்தனையோ கல்லூரிகளில் ஒரு செமஸ்டரின் முதல் மாதம் மிச்சமாகியிருக்கும். 2023 மே 29 அன்று கிளம்பிய என்.வி.எஸ்.-01 எல்1 அலைவரிசையையும் சேர்த்துக்கொண்டு வந்தது. ரிசீவர் எழுதுபவர் படிக்க வேண்டியதும் அதோடு கூடியிருக்கிறது. பிடிஎஃப் மட்டும் தரும் வழக்கத்துக்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம் பழக்கம்தான்.

உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டிலிருந்தே மாற்றுங்கள். பிற்சேர்க்கையில் நிரலை அச்சிடக் கல்லூரி கேட்டால் அச்சிடுங்கள். கூடவே உரைக் கோப்பு, சோதனை மதிப்புகள், ஹாஷ் மூன்றையும் தனியாகக் கொடுங்கள். எந்த பிட் முதலில் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். படம் போட்டுக் காட்டினால் போதும் என்று விடாதீர்கள்.

தேசிய அளவிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பி.ஐ.எஸ். ஒரு தரத்தை இறுதி செய்யும் முன் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடும். மாணவரும் கருத்து அனுப்பலாம். படிவத்தில் பிரிவு அல்லது அட்டவணை எண், கருத்தின் வகை, கருத்து, முன்மொழியும் மாற்றம் என்று தனித்தனி இடங்கள் இருக்கும். நிரலோ எண் அட்டவணையோ உள்ள வரைவு கண்ணில் பட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, வகையில் தொழில்நுட்பம் என்று போட்டு, கடைசி இடத்தில் இப்படி எழுதுங்கள்: ‘இந்த அட்டவணையை உரைக் கோப்பாகவும் தரவேற்ற வேண்டும், பிட் வரிசையை உரையில் சொல்ல வேண்டும், குறைந்தது ஒரு சோதனை மதிப்பைச் சேர்க்க வேண்டும்.’ பொத்தாம்பொதுவாக ‘எளிதாக்க வேண்டும்’ என்று எழுதினால் குழுவில் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். மாற்ற வேண்டிய வாசகத்தை நீங்களே எழுதித் தந்தால் ஏற்பதா மறுப்பதா என்று அவர்கள் பேசியாக வேண்டும்.